ட்ரேயை விடுங்கள், கூழ்ப்பானையை ஏற்றுங்கள்

1990களின் தொடக்கத்தில் கனடாவுக்கு வந்து இறங்கிய யாழ்ப்பாணத்து ஆண்களிடம் முதல் வேலை என்னவென்று கேட்டுப்பாருங்கள். பலரிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: கோப்பை கழுவினேன். நானும் கழுவினேன். ரொறன்ரோ நகரின் நடுவே ஒரு உணவகத்தில் மூன்று வருடம் கோப்பை, பிறகு ஒரு வருடம் வெங்காயமும் உருளைக்கிழங்கும் உரிப்பு, அதற்குப் பிறகு அடுப்படி. முழங்கால் இனி ஏலாது என்று சொல்லும்வரை மொத்தம் 27 வருடம் அந்தக் குசினியில்தான் நின்றேன்.

அங்கே ஒக்டோபர் பிறந்தால் சாப்பாட்டு அட்டை மாறும். கோடையில் இருந்த பச்சை இலைகளும் குளிர்ந்த மீனும் போய்விடும். பட்டர்நட் பூசணியை நெடுக்காகப் பிளந்து, விளிம்பு கறுக்கும்வரை அவணில் வாட்டி அரைத்த சூப் வரும். மாட்டிறைச்சியை நாலு மணித்தியாலம் வைனில் கிடந்து வேகவிட்டு, எலும்பு தானாகக் கழலும் பதத்தில் இறக்குவோம். கடைசியில் அப்பிளும் ஓட்ஸும் கறுவாவும் சேர்த்துச் சுட்ட ஒரு இனிப்பு. கோடையில் பதினெட்டு வகை இருந்த அட்டையில் இப்போது பதினொன்றுதான் இருக்கும். ஏன் குறைக்கிறீர்கள் என்று ஒருமுறை செஃப்பிடம் கேட்டேன். வெளியிலே கை விறைத்து வருகிற ஆளுக்கு அட்டையை வாசிக்கப் பொறுமை இருக்காது என்றார்.

அதே ஒக்டோபரில் எங்கள் சனத்தின் வீடுகளுக்கு விருந்துக்குப் போனால் நடப்பது இதற்கு நேர்மாறு. இங்கே நன்றி நவிலும் நாள் ஒக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை. 1957இல் பாராளுமன்றம் அப்படித் தீர்மானித்தது. மூன்று நாள் லீவு சேர்ந்து வருவதால் எங்கள் ஆட்களும் அந்தச் சனி, ஞாயிறில்தான் வீட்டுக்கு வீடு கூப்பிடுவார்கள். வான்கோழி சுடுகிற வீடுகளும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலும் நான் காண்பது வேறு. வாசலில் சப்பாத்து மலை. குசினி மேசையில் வரிசையாக அலுமினியத் ட்ரேக்கள். ஒன்றில் கொத்துரொட்டி, ஒன்றில் ஃபிரைட் ரைஸ், ஒன்றில் டெவில் சிக்கன், பிறகு ஆட்டிறைச்சிக் கறி, இடியப்பம், ரோல்ஸ். வந்தவர்கள் பதினைந்து பேர், சாப்பாடு நாற்பது பேருக்கு. வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, “ஒண்டும் செய்யேல்லை, சும்மா கடையில எடுத்தது” என்று மன்னிப்புக் கேட்பதுபோலச் சொல்வார்.

சாப்பாட்டுக் கடைக்காரரில் எனக்குக் கோபமில்லை. இரவு வேலை முடிந்து வருகிறவன் வீட்டில் இடியப்பமும் சொதியும் இருக்கிறதென்றால் அது அவர்களின் புண்ணியம். என் கோபம் ட்ரேயில். ட்ரேயில் இருக்கிற சாப்பாட்டை எப்போதும் சாப்பிடலாம், அதுதான் அதில் உள்ள கெடுதி. எட்டு மணிக்கும் சாப்பிடலாம், பதினொன்றரைக்கு மைக்ரோவேவில் சூடாக்கியும் சாப்பிடலாம். அந்தத் தைரியத்தில் ஆண்கள் போத்தலோடு பேஸ்மென்டுக்கு இறங்கிவிடுவார்கள். பெண்கள் மேலே குசினியைச் சுற்றி நிற்பார்கள். பிள்ளைகள் ஏழு மணிக்கே பீட்சா தின்றுவிட்டு ஆளுக்கொரு திரையோடு ஒதுங்கியிருப்பார்கள். ஒரே கூரைக்குக் கீழே மூன்று விருந்து. நள்ளிரவில் வீட்டுக்காரி பழைய தயிர் டப்பாக்களில் மிச்சத்தை அடைத்து ஆளுக்கொன்று தந்து அனுப்புவார். மறுநாள் மத்தியானம் தனியே இருந்து அதைச் சாப்பிடும்போதுதான், நேற்றுப் போன வீட்டில் யாரோடு இருந்து சாப்பிட்டேன் என்று யோசிப்பேன். ஒருவரோடும் இல்லை.

ஆகவே என் கட்சி இது. இலையுதிர் காலத்தில் வீட்டுக்கு ஆட்களைக் கூப்பிட்டால் ஒடியல் கூழ் காய்ச்சுங்கள். ஒரு பானை, ஒரு அகப்பை. வேறொன்றும் வேண்டாம்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. கூழ் என்றதும் கேழ்வரகோ கம்போ நினைவுக்கு வந்தால் அதை மறந்துவிடுங்கள். பனங்கிழங்கைப் பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்து அரித்தெடுப்பது ஒடியல் மா. அந்த மாவைக் கரைத்து, மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு எல்லாம் வெந்துகொண்டிருக்கும் பானையில் விட்டு, புளியும் செத்தல் மிளகாயும் சேர்த்துக் காய்ச்சுவதுதான் எங்கள் கூழ். வடமராட்சியில், அல்வாயில் எங்கள் வீட்டில் தை, மாசியில் கிழங்கு கிண்டி, பிளந்து, கொடி கொடியாய்த் தொங்கவிடுவோம். கூழுக்கு நேரம் வருவது ஐப்பசி, கார்த்திகை மழையில். மழை விடாமல் பெய்கிற இரவில் அம்மா அரிக்கன் லாம்பைத் தூணில் மாட்டிவிட்டுப் பானையை ஏற்றுவார். பலா இலையைக் கோலி ஈர்க்கால் குத்திக்கொண்டு நாங்கள் வரிசையாகக் குந்தியிருப்போம். பக்கத்து வீட்டுக்குச் சொல்லாமல் கூழ் காய்ச்ச ஏலாது, மணம் காட்டிக்கொடுத்துவிடும். அவர்களும் தங்கள் இலையோடு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவருவார்கள்.

இங்கே மேப்பிள் சிவந்து உதிர்வதும் அதே ஐப்பசியில்தான்.

போன வருடம் நன்றி நவிலும் நாளுக்கு முதல்நாள் ஞாயிறு பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டேன். பழைய கூட்டாளிகள் குடும்பத்தோடு எட்டுப் பேர், மகளின் வேலையிடத்து ஆட்கள் நாலு பேர். மகள் ஒரு கிழமை முன்பே தொடங்கிவிட்டாள்.

“அப்பா, அவையளுக்கு முள்ளெடுத்துச் சாப்பிடத் தெரியாது. ஒரு ட்ரே ஃபிரைட் ரைஸ் எண்டாலும் எடுப்பமே?”

“ஒரு ட்ரே வந்தா எல்லாரும் அதிலதான் போய் நிப்பினம். வேண்டாம் பிள்ளை.”

முள் பிரச்சினை உண்மைதான். அதற்கு உணவகத்துப் புத்தி கைகொடுத்தது. அறக்குளா மீனை முள் இல்லாமல் துண்டாக்கி வைத்துக்கொண்டு, தலைகளையும் நடுமுள்ளையும் மெல்லிய துணியில் முடிந்து முதலிலேயே தண்ணீரில் போட்டேன். சாரம் இறங்கும், முள் வெளியே வராது. அம்மா கண்டிருந்தால் சிரித்திருப்பார்.

பானையை வீட்டுக்குள் வைக்கவில்லை. பின்வளவில் காஸ் அடுப்பை வைத்து ஏற்றினேன். அன்றைக்கு வெளியே ஒன்பது பாகை. ஜக்கெட் போட்டுக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் நின்றால் அது ஒரு குளிரே இல்லை. கராஜுக்குள் அடுப்பை மூட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள். கதவு திறந்துதானே கிடக்கிறது என்பார்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தயவுசெய்து வெளியே வையுங்கள். செத்தல் மிளகாயை மட்டும் வீட்டுக்குள் வறுத்த வருடம் ஒன்று உண்டு. புகை எச்சரிக்கை மணி கத்தி, கைக்குழந்தைகள் இரண்டு அலறி, நான் கதிரையில் ஏறித் துவாயால் விசுக்கிக்கொண்டு நின்றபோதுதான் விருந்தாளிகள் வந்து இறங்கினார்கள். இப்போது வறுக்கிற தாச்சியும் பின்வளவுக்குத்தான்.

வீட்டுக்குள் என் மனைவியின் சட்டம் ஒன்று இருக்கிறது. வந்தவர்களின் ஜக்கெட்டுகளை எல்லாம் மேல்மாடி அறைக் கட்டிலில் போட்டு, கதவைச் சாத்தி, கதவின் கீழ் ஒரு துவாயைச் சொருகிவிடுவார். தாளித்த மணம் குளிர்ச்சட்டையில் ஏறினால் பனி கரையும்வரை இறங்காது. மறுநாள் பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவன் மூக்கைச் சுருக்குவான். இங்கே முதல் குளிர்காலத்தைக் கழித்த யாருக்கும் அந்தச் சுருக்கம் தெரியும்.

பன்னிரண்டு பேருக்கு நான் எடுப்பது 300 கிராம் ஒடியல் மா. ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதித் தமிழ்க் கடைகளில் பைக்கற்றாகக் கிடைக்கும். மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, மா அடியில் படிந்ததும் மேல் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். இரண்டு தரம் செய்தால் கசப்பு அளவுக்கு வரும். முழுக் கசப்பையும் எடுத்துவிடாதீர்கள், அது போனால் மீன் சூப்தான் மிஞ்சும். ஆறு லீட்டர் தண்ணீரில் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி, பயற்றங்காய் முதலில் போகும். அவை அரைவாசி வெந்ததும் நண்டு, பிறகு இறால், பிறகு மீன். செத்தல் மிளகாயும் மஞ்சளும் உள்ளியும் அரைத்த கூட்டைப் பழப்புளிக் கரைசலோடு மாவில் கலந்து வைத்துக்கொள்வேன். கடைசியில்தான் அது பானைக்குள் போகும்.

அந்தக் ‘கடைசி’தான் இந்த விருந்தின் சூட்சுமம். மாக்கரைசலை விட்ட பிறகு இருபது நிமிடத்தில் கூழ் தயார். தயாரான கூழ் நிற்காது, ஆற ஆற இறுகிக் களியாகும். மாவை விடும்வரை பானை எவ்வளவு நேரமும் பொறுத்திருக்கும். ஐந்தரைக்கு வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். எங்கள் ஆட்களில் கடைசிக் கார் ஏழு பத்துக்கு வந்து நின்றது. நான் பதறவில்லை. அவர்களின் கார்க்கதவு சாத்துகிற சத்தம் கேட்டுத்தான் மாவை விட்டேன். அதன் பிறகு ஒருவரும் பேஸ்மென்ட் பக்கம் போகவில்லை. ஒருவர் மட்டும் வழக்கப்படி, “அண்ணை, கீழ போவமே?” என்று கேட்டார். கூழ் இறங்கப் போகுது என்றேன். போத்தலைக் கையில் பிடித்தபடியே பானைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். குடிக்க வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. மேலே வந்து, எல்லாரோடும் நின்று குடியுங்கள், அவ்வளவுதான்.

என் சின்ன வயதுப் பலா இலைக்கு இங்கே நான் கண்டுபிடித்த மாற்று பெரிய கோப்பிக் கப். கிண்ணமும் கரண்டியும் கொடுத்தால் ஆட்கள் மேசை தேடிப் போய் இருந்துவிடுவார்கள். கப்பைக் கொடுத்தால் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நிற்பார்கள். முதல் கப் முடிந்ததும் பானையடிக்குத்தான் திரும்பி வரவேண்டும், ஏனென்றால் அகப்பை அங்கே இருக்கிறது. மகளின் கூட்டாளி ஒருத்தி நியூஃபவுண்ட்லாந்துக் கடற்கரையில் பிறந்தவள். மாப் பைக்கற்றை மூக்கில் பிடித்துப் பார்த்து, மீன் புகைபோடுகிற கொட்டில் மணம் என்றாள். இரண்டாவது கப்புக்கு வந்தவள், துணியில் முடிந்து கிடந்ததைக் காட்டி, அதற்குள் என்ன என்று கேட்டாள். மீன்தலை என்றேன். அதை ஏன் ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்றாள். அவளுடைய ஊரில் கொட் மீனின் தலையும் நாக்கும் ஆசையாய்த் தின்கிறவை. முடிச்சை அவிழ்த்து ஒரு தலையை எடுத்துக் கொடுத்தேன். முள்ளெடுக்கத் தெரியாதென்று என் மகள் சொன்ன நாலு பேரில் ஒருத்தி, கண்ணுக்குப் பின்னால் இருக்கிற சதையைத் தேடி விரலால் எடுத்துத் தின்றாள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வாய் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

குடிக்க என்ன கொடுப்பது? மா விடும்வரை ஆட்களின் கையில் ஏதாவது இருக்க வேண்டுமே. நான் கொடுப்பது மல்லிக் கோப்பி. மல்லியைச் சிவக்க வறுத்து, வேர்க்கொம்பும் மிளகும் தட்டிப்போட்டு, கோப்பித் தூள் கொஞ்சமாய்ச் சேர்த்து அவித்தது. சீனி போடுவதில்லை. பனங்கட்டியைக் கடித்துக் கடித்துக் குடிக்க வேண்டும். கூடவே மொறுமொறுவென்று பருத்தித்துறை வடை. இந்த வடையை மட்டும் கடையில் வாங்குவேன், என்னால் அவ்வளவு மெல்லிசாகத் தட்ட ஏலாது.

பிள்ளைகளுக்கு அப்பிள் சைடர். சைடர் என்றதும் என் கூட்டாளி ஒருவர், “நான் விரதமப்பா” என்று கையை உயர்த்தினார். இங்கிலாந்தில் அந்தப் பெயருக்கு மதுதான். இங்கே இலையுதிர் காலத்தில் பெரிய பிளாஸ்டிக் குடத்தில் வருகிற சைடர் வடிகட்டாத அப்பிள் சாறு, வெறி இல்லை. மக்கின்ரொஷ் அப்பிள் இந்த ஒன்ராரியோ மண்ணில்தான் பிறந்தது. ஜோன் மக்கின்ரொஷ் என்ற விவசாயி 1811இல் தன் காணியைத் துப்புரவாக்கும்போது கண்டெடுத்த கன்றுகளில் இருந்து வந்த சாதி அது. சாற்றைக் கொதிக்கவிடாமல் இளஞ்சூட்டில் வைத்து, ஒரு துண்டு கறுவா, நாலு கராம்பு, தோலோடு தட்டிய இஞ்சி போட்டு அரை மணித்தியாலம் விட்டால் போதும்.

கறுவா என்றால் ஒரு பக்கக் கதை சொல்ல வேண்டும். ஒக்டோபரில் இந்த ஊர் முழுக்கக் குடிக்கிற ‘பம்கின் ஸ்பைஸ்’ கோப்பியை ஸ்ரார்பக்ஸ் தொடங்கியது 2003இல். 2015 வரை அதில் பூசணிக்காயே இருக்கவில்லை. கறுவாவும் சாதிக்காயும் இஞ்சியும் கராம்பும்தான் பூசணி வேசம் போட்டன. அந்தக் கறுவாவுக்காகத்தான் ஒருகாலம் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் எங்கள் தீவில் அடிபட்டார்கள். வீட்டு அலுமாரியில் கறுவாப்பட்டையை வைத்துக்கொண்டு கோப்பிக் கடை வாசலில் வரிசையில் நிற்கிற எங்கள் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

சரி, ஆட்சேபனைகளுக்கு வருகிறேன். முதலாவது விரதம். இந்தப் பருவத்தில் இதைச் சொல்லாமல் விருந்து பற்றி எழுத ஏலாது. விஜயதசமியில் தொடங்கித் தீபாவளி அமாவாசை வரை கேதாரகௌரி விரதம் 21 நாள். அது முடிய ஆறு நாள் கந்தசஷ்டி. நன்றி நவிலும் நாள் பல வருடங்களில் இதற்குள் எங்கேயாவது விழும். என் மனைவியே அன்றைக்கு விரதம், சைடருக்குக் கை உயர்த்திய கூட்டாளியும் விரதம். ஆகையால் மரக்கறிக் கூழ் தனிப் பானையில், தனி அகப்பையில், மீன் வெட்டத் தொடங்குமுன்பே குசினிக்குள் வெந்து முடிந்துவிட்டது, மாவை மட்டும் இதற்கும் கடைசியில்தான் விட்டோம். நண்டுக்குப் பதிலாகப் பூசினிக்காயும் கூடக் கொஞ்சம் பலாக்கொட்டையும். வாசலில் பேய்முகம் வெட்டி வைக்கிற பெரிய பூசணியை இதற்கு வாங்காதீர்கள், அது நாரும் தண்ணீரும்தான். கபோச்சா என்று பச்சைத் தோலோடு ஒன்று விற்கிறது, அதுதான் எங்கள் பூசினிக்காய்க்குக் கிட்ட நிற்கும். விரதகாரருக்கென்று ஒரு மூலையில் தயிரும் சோறும் வைத்துவிட்டு மற்றவர்கள் நண்டு கடிப்பதைப்போல அநியாயம் வேறில்லை. அவர்கள் கையிலும் அதே கப், அதே சூடு இருக்க வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபனையை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். முகத்தில் தெரியும். “கூழோ ஊத்தினவை?” என்று நாளைக்கு யாராவது கேட்டால்? கூழ் இல்லாதவன் சாப்பாடு என்று நினைத்து வளர்ந்த தலைமுறை நாங்கள். இந்த வெட்கம் எனக்கும் நெடுங்காலம் இருந்தது. அதைத் தீர்த்துவைத்தது எங்கள் உணவகம். அங்கே குளிர்கால அட்டையில் ‘பூயபேஸ்’ என்று ஒரு மீன் சாறு இருந்தது. பிரான்சின் மார்செய் துறைமுகத்து மீனவர்கள், விலைபோகாத முள்மீன்களைப் போட்டுக் காய்ச்சிய சாப்பாடு அது. அதை வெள்ளைத் துணி விரித்த மேசையில் வைத்து, என் அரை நாள் சம்பளத்தை ஒரு கோப்பைக்கு வாங்கினார்கள். நான்தான் காய்ச்சினேன். காய்ச்சக் காய்ச்ச ஒரு நாள் உறைத்தது, இதில் ஒடியல் மா ஒன்றுதான் குறைவு.

மூன்றாவது, நேரம் இல்லை என்பது. கடைக்குப் போய், ட்ரே எடுத்து, காரின் பின்சீற்றில் கறி சிந்தாமல் கொண்டுவருகிற நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு பேசுங்கள். மீனையும் நண்டையும் கடையிலேயே துப்புரவாக்கித் தருவார்கள். பலாக்கொட்டையும் மரவள்ளியும் உறையவைத்த பைகளில் வருகின்றன. மிச்ச வேலையை வந்தவர்களிடம் கொடுங்கள். அன்றைக்குப் பயற்றங்காய் முறித்தது என் கூட்டாளிகளின் மனைவிமார். பானையைக் கிண்டியது மாறி மாறி ஆண்கள். “ஃபோனை வைச்சிட்டுக் கிண்டுங்கோ, அடி பிடிக்கப் போகுது” என்று என் மனைவி ஜன்னலால் சத்தம் போட்டார். நான் அந்த நேரம் சும்மா நின்று கதைத்துக்கொண்டிருந்தேன். 27 வருடம் மற்றவர்களின் விருந்துக்குக் கதவுக்குப் பின்னால் நின்று சமைத்தவன், என் வீட்டு விருந்தை முழுசாகக் கண்டது அன்றைக்குத்தான்.

பானை எட்டரைக்கு வெறுமையானது. தயிர் டப்பாவுக்கு ஒரு சொட்டும் மிஞ்சவில்லை.

நவம்பர் முதல் ஞாயிறு இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பிவிடுவோம். அதன் பிறகு மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும், பின்வளவில் நின்று பானை கிண்டக் கை வராது. அதற்கு முன் ஒரு சனிக்கிழமையைப் பாருங்கள், நாட்காட்டியில் விரதத்தையும் பாருங்கள். பத்துப் பேருக்குச் சொல்லுங்கள். கப்பை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னாலும் குறைவில்லை.